அபாத்திரன்

"எத்தனை பேரு, உபதேசியாரே?" என்று ஐயர் கேட்டார்.

"நாப்பத்தேழு."

"நாப்பத்தெட்டு இருக்கணுமே."

ஏசுவடியான் பேர்ப் புத்தகத்தை மூடினார். மூடிய சத்தம் கொஞ்சம் பெரிதாகவே கேட்டது.

உடைவிளைப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அருமைநாயகம் ஐயர் அந்தச் சபைக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வந்த முதல் வருஷமே ஏசுவடியான் அவரிடம் போய், எனக்கு வேதம் சொல்லிக்கொடுங்கள், உபதேசியார் வேலை பார்க்கிறேன் என்று நின்றார். அப்போது ஏசுவடியானுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஐயருக்கு நாற்பத்தைந்து. குருவைவிடச் சீடனுக்கு நரை கூடுதல் என்று ஊர் கேலி பேசியது. பேசி அலுத்ததும் விட்டுவிட்டது.

அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நற்கருணைக்கு முந்திய நாள், அதில் பங்கெடுக்க நினைக்கிறவர்கள் கோயிலுக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். பேர் கொடுக்காதவர் மறுநாள் பீடத்துக்கு முன்னால் போய் முட்டி போடக் கூடாது. இது அங்கே பழைய வழக்கம். பேர்களைக் கேட்டு எழுதுவது உபதேசியாரின் வேலை.

"தவசிமுத்து வந்து பேரு குடுத்ததை நான் பார்த்தேன்" என்றார் ஐயர்.

"குடுத்தான்."

"ஏன் எழுதல?"

"அவன் அபாத்திரன், ஐயா."

அபாத்திரன் என்றால் பாத்திரம் இல்லாதவன், தகுதி இல்லாதவன். வேதத்திலிருந்து சபைக்கு வந்து, சபையிலிருந்து தெருச் சண்டைக்கும் வந்துவிட்ட சொல். உடைவிளையில் மருமகள்கள் மாமியார்களை அப்படித் திட்டியது உண்டு. ஆனால் அன்று ஏசுவடியான் அதைச் சொன்ன விதம் வேறு.

காரணம் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஊரில் கருப்பட்டி மூட்டை அடுக்கும் கிட்டங்கி தீப்பிடித்து எரிந்தது. உள்ளே படுத்திருந்த காவல்காரர் வெளியே வர முடியாமல் செத்துப்போனார். அன்று காலையில் கிட்டங்கி முதலாளியோடு சந்தையில் சண்டை போட்டவன் ஏசுவடியானின் தம்பி ஆசீர். தீ எழுந்த அந்தி நேரத்தில், அந்தப் பக்கமிருந்து ஆசீர் ஓடியதைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னவன் சைக்கிள் கடை தவசிமுத்து.

கோர்ட்டில் சத்தியம் செய்யச் சொன்னபோது தவசிமுத்து மாட்டேன் என்றான். சத்தியம் பண்ணுவது எங்கள் வேதத்தில் ஆகாது, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் என்றான். ஜட்ஜும் சரி என்றார். சத்தியம் பண்ணவே பயப்படுகிற மனுஷன் பொய்யா சொல்லப்போகிறான் என்று ஊர் பேசிக்கொண்டது. ஏசுவடியானும் அதைத்தான் சொன்னார். ஆசீருக்கு ஏழு வருஷம் கிடைத்தது. நாலாவது வருஷம் ஜெயிலிலேயே காமாலை கண்டு செத்தான்.

ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில் தவசிமுத்து சபை நடுவில் எழுந்து நின்றான். ஆசீர் ஓடவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை என்றான். தீ வைத்தது என் பெண்டாட்டியின் தம்பி, அவனைக் காப்பாற்ற ஆசீரைக் காட்டிக்கொடுத்தேன் என்றான். அந்த மைத்துனன் குடித்தே செத்து ஒரு மாசம் ஆகியிருந்தது.

"வேதத்து மேல நான் கை வைக்கலையே, அதனால அது பொய்ச்சத்தியம் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றும் சொன்னான்.

இரண்டொருவர் சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு கணக்கை வேதம் வாசிக்கிறவன்தான் போட முடியும்.

ஐயர் அவனை ஆறு மாசம் நற்கருணையிலிருந்து விலக்கி வைத்தார். அவனே போலீஸுக்கும் எழுதிக் கொடுத்தான். இந்தத் திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே உள்ளே வைத்தாலும் வைப்பார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். விலக்கு முடிந்து வருகிற முதல் நற்கருணை நாளைக்கு. போகிறதுக்குள் அவனுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஐயர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார். நாற்பத்தேழாவது பேருக்குக் கீழே தவசிமுத்து என்று எழுதினார். அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அன்று நிதானமாக எழுதினார்.

"நாளைக்கு அப்பம் நான் குடுப்பேன்" என்றார். "ரசப் பாத்திரம் நீங்க."

"மத்தவங்களுக்குக் குடுக்கேன். அவனுக்குப் பாத்திரம் கிடையாது."

"நீங்க எந்தப் பாத்திரத்தைச் சொல்லுதீங்க? அவன்கிட்ட இல்லாததையா, உங்க கையில இருக்கப்போறதையா?"

சொல்லில் விளையாடுகிற நேரமா இது என்று ஏசுவடியானுக்குக் கோபம் வந்தது.

"அவன் முன்னால வந்ததும் தாண்டிப் போயிருவேன், ஐயா."

"சரி."

"சரின்னா?"

"தாண்டிப் போங்க."

"சபை பூரா பார்க்கும்."

"பார்க்கும்."

திட்டுவார், இல்லை என்றால் கெஞ்சுவார் என்று ஏசுவடியான் எதிர்பார்த்து வந்திருந்தார். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்.

"என் தம்பியை அவன் பலி குடுத்தான்" என்றார். "அவன் வீட்டு ஆளைக் காப்பாத்த என் வீட்டு ஆளைப் பிடிச்சுக் குடுத்தான். அவன் வாயில நான் அந்தப் பாத்திரத்தை வைக்கணுமா?"

"வைங்கன்னு நான் சொல்லலியே. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஆசீரைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"கோர்ட்டுல" என்றார்.

"அதுக்குப் பொறவு மூணு வருஷத்துக்கு மேல உசுரோட இருந்தார்லா?"

ஏசுவடியான் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆயத்த ஆராதனை. மறுநாள் நற்கருணைக்கு வருகிறவர்கள் முந்திய நாளே கூடி, தங்களைத் தாங்களே சோதித்துப் பார்த்துக்கொள்கிற ஆராதனை. கடைசியில் உபதேசியார் பேர்களை வாசிப்பார். பேர் வாசிக்கப்படும்போது அவரவர் எழுந்து நிற்க வேண்டும்.

தவசிமுத்து கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த பெஞ்சில் வேறு யாரும் இல்லை. அவனுக்கு முன் பெஞ்சிலும் யாரும் இல்லை. யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது.

ஏசுவடியான் வாசித்தார். நாற்பத்தேழாவது பேரை வாசித்தார். புத்தகத்தை மூடினார்.

கோயிலுக்குள் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. தவசிமுத்து எழுந்திருக்கவா வேண்டாமா என்று தெரியாமல் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில் இருந்தான். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஐயர் பீடத்துப் பக்கமிருந்து, "தவசிமுத்து" என்றார். அவ்வளவுதான். அவன் முழுக்க எழுந்து நின்றான். முன் பெஞ்சில் இருந்த சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் திரும்பி ஏசுவடியானைப் பார்த்தார். நீ செய்ததுதான் சரி என்கிற பார்வை. அந்தப் பார்வை ஏசுவடியானுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு ஏசுவடியான் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். மணிக்கூண்டுப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தவசிமுத்து நின்றான். வெயில் இன்னும் முழுக்கத் தாழவில்லை.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை."

ஏசுவடியான் நின்றார்.

"நீங்க என் பேரை வாசிக்கலை. அதான் கேக்கேன். நாளைக்கு நான் வரட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வரல. ஐயர்கிட்ட உங்க பேரை எடுக்க மாட்டேன். உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கிடுதேன்."

வேண்டாம் என்ற சொல் ஏசுவடியானின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு நடந்தால் முடிந்தது. நாளைக்கு யாரையும் தாண்ட வேண்டியதில்லை, சபை வேடிக்கை பார்க்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாசமாக அவர் மனசுக்குள் வேறொரு கேள்வி உறுத்திக்கொண்டு கிடந்தது. திங்கட்கிழமை இவன் போய்விட்டால் அதைக் கேட்க ஆள் கிடையாது.

"அன்னைக்குச் சபையில பேசும்போது ஒண்ணு சொன்ன" என்றார். "ஆசீருக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளாக் கெடந்துச்சுன்னு சொன்ன. அதை நீ எப்படிப் பார்த்த?"

தவசிமுத்து சைக்கிள் மணியைப் பார்த்தான்.

"கேக்கேன்லா."

"போயிருந்தேன், அண்ணாச்சி."

"எங்க?"

"ஜெயிலுக்கு."

"எப்ப?"

"மாசம் ஒருக்க. முதல் வருஷம் போகலை. பயம். பொறவு போனேன். கடைசி மாசம் வரைக்கும் போனேன்."

ஏசுவடியான் மணிக்கூண்டுச் சுவரில் கையை ஊன்றினார்.

"நீ சொன்னது பொய்யின்னு அவனுக்குத் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? அவன் அங்கன போகலைன்னு அவனுக்குத் தெரியும்லா."

"தெரிஞ்சுமா உன்னைப் பார்த்தான்? மூஞ்சில காறித் துப்பலையா?"

"முதல்ல போனப்ப துப்பினான்."

"பொறவு?"

"அடுத்த மாசமும் போனேன். பேசாம இருந்தான். அதுக்கு அடுத்த மாசம், என்ன கொண்டாந்திருக்கன்னு கேட்டான்."

"ஏன்? உன்னை எதுக்கு அவன் பார்க்கணும்?"

"வேற யாரும் வரலையே, அண்ணாச்சி."

குத்திக்காட்ட அவன் அதைச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னான். சொன்ன பிறகுதான் தான் யாரிடம் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. சைக்கிளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

ஏசுவடியான் அந்த நாட்களில் சபைக் கமிட்டியில் செயலாளராக இருந்தார். கொள்ளி வைத்தவனின் அண்ணன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலை முழுவதும். ஜெயிலிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பதில் போடவில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரிந்தும் யாரும் பேசியதில்லை, ஏனென்றால் ஊரும் அதையேதான் செய்தது.

"என்னையப் பத்தி ஏதும் கேட்டானா?"

"கேப்பான்."

"என்ன கேப்பான்?"

"அண்ணனுக்கு முட்டு வலி எப்படி இருக்கும்பான். தைலம் தேய்க்கிறாரான்னு கேப்பான்."

ஏசுவடியான் தன் வலது முழங்காலைப் பார்த்தார். இருபது வருஷத்து வலி அது.

"நீ என்ன சொன்ன?"

"வருவாருன்னு சொன்னேன். வேலை ஜாஸ்தியா இருக்கு, அடுத்த மாசம் கட்டாயம் வருவாருன்னு சொல்லுவேன். ஒவ்வொரு மாசமும் அதைத்தான் சொன்னேன். அதுவும் பொய்தான். அதையும் சபையில சொல்லியிருக்கணும். சொன்னா உங்க பேரு வரும்லா, அதனால விட்டுட்டேன்."

பிறகு, "நான் நாளைக்கு வரல, அண்ணாச்சி" என்றான்.

ஏசுவடியான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. தவசிமுத்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். ஏறி மிதிக்கவில்லை. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டேதான் போனான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐயர் பீடத்துக்குப் பக்கத்து அறையான வெஸ்ட்ரியில் அப்பத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஏசுவடியான் உள்ளே வந்தார். அவருடைய வெள்ளை அங்கி மடித்தபடி கையில் இருந்தது. அதை மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, நான் இன்னைக்குப் பாத்திரம் எடுக்க மாட்டேன்."

"நேத்தே சொல்லிட்டீங்களே."

"நேத்துச் சொன்னது வேற. நேத்து அவனை அபாத்திரன்னு சொன்னேன்."

"இன்னைக்கு?"

"என்னையச் சொல்லுதேன்."

ஐயர் கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். ஏசுவடியான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மாசம் ஒருக்கப் போனதைச் சொன்னார், துப்பியதைச் சொன்னார், தைலத்தைச் சொன்னார். தைலத்தைச் சொல்லும்போது பாதியில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

ஐயர் ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தார். ஏசுவடியான் வாங்கினார், குடிக்கவில்லை.

"உங்களுக்கு இது தெரியுமா, ஐயா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"அவர் சபையில எந்திரிச்சுப் பேசுனதுக்கு முந்தின நாளு எங்கிட்ட வந்தார்."

"அப்ப ஆறு மாசமா தெரிஞ்சுக்கிட்டு எங்கூடவே உக்காந்து வேதம் வாசிச்சிருக்கீங்க."

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீங்க எம்மேல கோபப்பட்டிருப்பீங்க. அதோட முடிஞ்சிருக்கும்."

ஏசுவடியானுக்கு இப்போதும் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. செம்பை மேஜையில் வைத்தார்.

"அங்கியை வச்சிட்டேன். உபதேசியார் வேலையையும் விட்டுருதேன். இனிமே பீடத்துப் பக்கம் வர மாட்டேன், நற்கருணையும் எடுக்க மாட்டேன், சாகுற வரைக்கும். என்னால ஆன பலி இதுதான்."

"யாருக்கு?"

"ஆசீருக்கு."

"ஆசீர் இதையா கேட்டார்?"

ஏசுவடியான் மேஜைமேல் கிடந்த அங்கியைப் பார்த்தார்.

"கேட்டது முட்டு வலியைத்தானே" என்றார் ஐயர்.

ஏசுவடியான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி செத்த செய்தி வந்த அன்றுகூட அவர் அழவில்லை. வீட்டுக்காரி அழுதபோது வெளியே சத்தம் கேட்கும் என்று கதவைச் சாத்தினவர். இப்போது துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வெளியே முதல் மணி அடித்தது. ஐயர் மிச்ச அப்பத்தையும் துண்டு போட்டு முடித்தார்.

"பாத்திரம் எடுக்க வேண்டாம்" என்று பிறகு சொன்னார். "அங்கியும் வேண்டாம். சும்மா ஒரு சபையாரா வந்து முட்டி போடுங்க."

"நான் பேரு குடுக்கலையே."

அது உண்மை. பாத்திரம் எடுத்துக் கொடுக்கிறவர் என்பதால் நாலு வருஷமாக அவர் பேர் அந்தப் புத்தகத்தில் ஏறியதே இல்லை. ஊர்ப் பேரையெல்லாம் எழுதினவருக்குத் தன் பேரை எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.

ஐயர் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் தள்ளினார். கடைசியில் ஐயரின் கோணல் எழுத்தில் தவசிமுத்து என்று இருந்தது. அதற்குக் கீழே இடம் காலியாகக் கிடந்தது.

"அவன் இன்னைக்கு வர மாட்டேன்னுட்டான், ஐயா."

"அப்படியா?"

"நான் வான்னு சொல்லியிருக்கணும். சொல்லாம நின்னேன்."

"இரண்டாம் மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு" என்றார் ஐயர். "அவர் வீடு ஒண்ணும் தூரம் இல்லையே."

ஏசுவடியான் பேனாவை எடுத்தார். தன் பேரை எழுதினார். நாற்பத்தொன்பது. பிறகு எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், பின் வாசல் வழியாக வெளியே போனார். முட்டு வலிக்காரர் நடக்கிற நடையாக அது இல்லை.

*

பிரசங்கம் பாதி நடந்துகொண்டிருந்தபோது இருவரும் உள்ளே வந்தார்கள். ஏசுவடியான் முன்னால் வந்தார். நாலு எட்டு தள்ளித் தவசிமுத்து வந்தான். வீட்டில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இரண்டு பேரும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏசுவடியான் அங்கி இல்லாமல் வெறும் வேட்டி சட்டையில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததைச் சபை பார்த்தது. வாய்க்கு வாய் முணுமுணுப்பு ஓடியது. ஐயரிடம் சண்டை போட்டுவிட்டார் என்றார்கள் சிலர். அந்தப் பயலுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அங்கியைக் கழற்றி வீசிவிட்டாராம் என்று பெண்கள் பக்கத்தில் பேசினார்கள். முன் பெஞ்ச் கமிட்டிக்காரர் முகத்தில் பெருமை தெரிந்தது.

நற்கருணை தொடங்கியது. பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் ஒரு வரிசைக்கு எட்டுப் பேர் முட்டி போடலாம். ஐயர் தனி ஆளாக அப்பத்தையும் கொடுத்து, திரும்பி வந்து பாத்திரத்தையும் கொடுத்தார். பாத்திரத்தைத் தன் கையை விட்டு விடாமல், ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் வாயில் வைக்க வேண்டும். ஏசுவடியான் செய்தால் கடிகாரம்போல நடக்கும் வேலை. ஐயர் தடுமாறினார். நேரம் ஆயிற்று.

ஆறு வரிசை முடிந்தது. கடைசியாக மிச்சம் இருந்தவர்கள் இரண்டே பேர்தான். இருவரும் நடந்து போனார்கள். கோயில் முழுவதும் கழுத்தை நீட்டியது.

தவசிமுத்து கிராதியின் ஓரத்தில் முட்டி போட்டான். நடுவில் இடம் விட்டு மறு ஓரத்துக்குப் போவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஏசுவடியான் அவன் பக்கத்திலேயே கிராதியைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலும் பிறகு மறு காலுமாக, மெதுவாக முட்டி போட்டார். வலது முழங்கால் தரையில் பட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஐயர் இரண்டு பேர் கையிலும் அப்பத்தை வைத்தார். பீடத்துக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தவசிமுத்துவின் முன்னால் நின்றார். அவன் குடித்தான். ஆறு மாசத்துக்கு அப்புறம் குடிக்கிறான். ஒரு மிடறுதான், விழுங்க நேரம் எடுத்தது.

குடித்து முடித்ததும் ஐயர் பாத்திரத்தை வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அவன் இரண்டு கைகளையும் பாத்திரத்தைச் சுற்றி வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

"பக்கத்துல குடுங்க" என்றார்.

அந்தக் கோயிலில் அப்படி நடந்ததே கிடையாது. அங்கி போட்டவர் கையைத் தவிர வேறு கையில் பாத்திரம் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. கமிட்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். யாரோ இருமினார்கள்.

தவசிமுத்துவின் கையில் ரசம் விளிம்பு வரைக்கும் ஏறி ஏறி இறங்கியது. சிந்திவிடும் என்று பயந்து பாத்திரத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். துடைக்க வேண்டும், திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஏசுவடியான் பக்கம் திரும்பவும் அவனுக்குத் துணிச்சல் இல்லை.

ஏசுவடியான் கண்ணை மூடவில்லை. தம்பியின் கைக்கு விலங்கு போட வைத்த அந்த ஆளின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதே கைதான் ஜெயில் கம்பிக்குள் தம்பிக்குத் தின்பண்டம் நீட்டியது. எழுந்து போய்விடலாம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. போகவில்லை. முகத்தைப் பாத்திரத்தின் பக்கம் திருப்பினார்.

"ஐயா, நான் குடுக்கக் கூடாது" என்றான் தவசிமுத்து. "நான் அபாத்திரன், ஐயா."

ஐயர் குனிந்தார். அவர் சொன்னது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது.

"வாங்கப்போறவரும் அதைத்தான் சொன்னார். குடுங்க."